லயத்திலிருந்து கிளினிக் வரை: மலையகத் தோட்டங்களில் மனநல உதவி

1995இல் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று அது. அடுத்த இருபது ஆண்டுகளில் அந்த விகிதம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. இந்த இறக்கத்தின் பெரும்பங்கு ஒரு சட்டத்தைச் சேரும். 1980ஆம் ஆண்டின் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் 1984இலும், 1995இலும், 1998இலும், பிறகு 2008 முதல் 2011 வரையிலும் மிகக் கொடிய நஞ்சுள்ள பீடைகொல்லிகள் ஒவ்வொன்றாகச் சந்தையிலிருந்து அகற்றப்பட்டன. 1995க்கும் 2015க்கும் இடையில் இத்தடைகள் சுமார் 93,000 உயிர்களைக் காத்திருக்கும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். விளைச்சல் அதனால் வீழ்ந்துவிடவில்லை.

இலங்கைக் கிராமப்புறத்தில் நஞ்சருந்தி உயிர்பிழைத்தவர்களிடம் 2000களில் பேசிப் பார்த்தபோது, பாதிக்கு மேற்பட்டோர் அரை மணி நேரம்கூட யோசிக்காமல் அந்தச் செயலில் இறங்கியது தெரியவந்தது. சண்டை, குடி, அவமானம், கடன், காதல் என்று ஏதோ ஒன்று நெஞ்சை அடைத்த கணம் அது. அந்தக் கணம் கடந்துவிட்டால் பெரும்பாலானோர் வாழவே விரும்புகிறார்கள். தடைச் சட்டம் செய்தது, அந்தக் கணத்தில் கைக்கெட்டியதைக் குறைவான கொலைத்தன்மை உள்ளதாக ஆக்கியதுதான். மனவேதனையை அது தொடவில்லை. தொடுவதற்காக வந்த சட்டமும் அல்ல. உயிர் தப்பியவருக்கும், இன்னும் அந்த எல்லைவரை போகாமல் உள்ளுக்குள் உடைந்துகொண்டிருப்பவருக்கும் யார் துணை என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் இடைப்பட்ட மலைகளில், தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களில், இந்தக் கேள்விக்கு என்ன விடை இருக்கிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. உதவி இல்லை என்று சொல்லிவிட முடியாது. உதவி இருக்கும் இடத்துக்கும் லயத்துக்கும் நடுவே பாதை போடப்படவில்லை என்பதே என் முடிவு.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. தோட்டத்து மக்களின் உடல்நலத்தைத் தோட்ட நிர்வாகமே பார்த்துக்கொள்ளும் என்ற ஏற்பாடு, தொழிலாளர் நோய்கள் பற்றிய 1912ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் காலத்திலேயே வேரூன்றியது. தோட்டத்துக்கு ஒரு டிஸ்பென்சரி, அதற்கு ஒரு மருந்துக்காரர், பிரசவத்துக்கு ஒரு மருத்துவச்சி. கொலரா, அம்மை, கொக்கிப்புழு ஆகியவற்றுக்காக எழுந்த அமைப்பு அது; உழைக்கும் உடம்பு விழாமல் பார்ப்பதே அதன் நோக்கம். 1948இல் இந்திய வம்சாவளியினரான இம்மக்களின் குடியுரிமை பறிபோனது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. ஒரே லயத்தில் ஒரு வீட்டுக்கு இந்தியக் கடவுச்சீட்டும் அடுத்த வீட்டுக்கு இலங்கைப் பிரஜாவுரிமையும் வந்தன. அண்ணன் தம்பி பிரிந்தார்கள், ஹட்டன் புகையிரத நிலையத்தில் அழுகுரல் கேட்ட காலம் அது. 1970களின் முற்பகுதியில் தோட்டங்கள் அரசுடைமையாயின; 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளின் கைக்குப் போனது. எஞ்சியிருந்தவர்களின் குடியுரிமைச் சிக்கலை முழுதாகத் தீர்க்க முயன்ற சட்டம் 2003இல்தான் வந்தது. பிரதேச சபைகள் தோட்டக் குடியிருப்புகளுக்குத் தாராளமாகச் செலவிடச் சட்டம் இடம்கொடுத்தது 2018இன் திருத்தத்துக்குப் பிறகுதான். அரசின் எந்தச் சேவையும் இங்கே ஒரு தலைமுறை தாமதமாக ஏறிவருவதை மலையகத்தில் பிறந்தவர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். மனநலச் சேவை அந்த வரிசையில் கடைசியில் நிற்கிறது.

நாட்டளவிலும் மனநலம் நெடுங்காலம் கொழும்பின் விடயமாகவே இருந்தது. இன்றும் நடைமுறையில் உள்ள மனநோய்ச் சட்டத்தின் அடிப்படை 1873ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம்; அடைத்து வைப்பதையே மையமாகக் கொண்ட காலத்தில் எழுதப்பட்டது. நாடெங்கும் மனநோய் என்றாலே, மனநல வைத்தியசாலை இருக்கும் அங்கொடை என்ற ஊரின் பெயர்தான் முதலில் நினைவுக்கு வரும். "அங்கொடைக்கு அனுப்பணும்" என்பது தோட்டத்திலும் வசவாகப் புழங்குகிறது. 2005இல் அமைச்சரவை ஏற்றுக்கொண்ட மனநலக் கொள்கை இந்தப் போக்கைத் திருப்ப முயன்றது. ஒவ்வொரு மாவட்டத்திலும் மனநலப் பிரிவு, மனநல வைத்திய உத்தியோகத்தர்கள், சமூக மட்டத்தில் தாதியரும் சமூகப் பணியாளரும் என்று அது திட்டமிட்டது. நல்ல கொள்கை. ஆனால் அது வந்த வேளை 2004 சுனாமிக்கு அடுத்த வேளை. பணமும் பயிற்சியும் கரையோரம் நோக்கி ஓடின. வடகிழக்கில் அதற்கு முன்பே அடித்தளம் இருந்தது. யாழ்ப்பாணத்தில் பேராசிரியர் தயா சோமசுந்தரமும் அவரோடு உழைத்தவர்களும் போரின் நடுவிலேயே சமூக உளநலப் பணியைத் தமிழில் கட்டியெழுப்பினார்கள். 'சாந்திகம்' போன்ற நிலையங்கள் வளர்ந்தன. மட்டக்களப்பில் வைத்தியர் மகேசன் கணேசன் வைத்தியசாலைக்கு வெளியே ஊர்களுக்குப் போகும் சேவை ஒன்றை உருவாக்கினார். அவை அத்தனையும் தேவைப்பட்டவை. ஆனால் மலையகத்தில் குண்டு விழவில்லை, கடல் ஏறவில்லை. தமிழருக்கு எதிரான 1958, 1977, 1983 வன்செயல்களும் பஞ்சமும் நாடுகடத்தலும் யாருடைய நிவாரணத் திட்டத்திலும் 'பேரிடர்' என்று பதிவாகவில்லை. ஆகவே தமிழில் உளவளத்துணை செய்யப் பயிற்றப்பட்ட ஒரு தலைமுறை வடக்கிலும் கிழக்கிலும் உருவானது போல இங்கே உருவாகவில்லை.

இன்று என்ன இருக்கிறது? தெரிந்து வைத்திருக்க வேண்டியதை நேராகவே சொல்லிவிடுகிறேன்.

தேசிய மனநல நிறுவகம் நடத்தும் 1926 என்ற தொலைபேசி இலக்கம் 24 மணி நேரமும் மூன்று மொழிகளிலும் இயங்குவது. எடுத்தவுடன் "தமிழ்ல பேசணும்" என்று சொல்லிவிட வேண்டும். காத்திருக்கச் சொன்னால் வைத்துவிடாமல் காத்திருக்க வேண்டும். 1333 இன்னோர் உளவளத்துணை இலக்கம், கட்டணமற்றது. 1974இல் தொடங்கிய 'சுமித்ரயோ', லண்டனில் 1953இல் சாட் வாரா தொடங்கிய இயக்கத்தின் வழியில், எந்தத் தீர்ப்பும் சொல்லாமல் கேட்பதையே பணியாகக் கொண்ட தொண்டர் அமைப்பு. பிள்ளைகளுக்கு நேரும் கொடுமைக்கு 1929, பெண்களுக்கு 1938. உயிருக்கு ஆபத்து என்றால் 1990 அம்புலன்ஸ். அதற்குக் காசு இல்லை.

வைத்தியசாலைகளில், நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையும் டிக்கோயா ஆதார வைத்தியசாலையும் தோட்ட மக்களுக்குக் கிட்டியவை. டிக்கோயாவில் இந்திய உதவியுடன் 150 கட்டில்களோடு எழுந்த புதிய கட்டடத்தை 2017 மே மாதம் நரேந்திர மோடி திறந்துவைத்தார். மேல் சிகிச்சை என்றால் கண்டி, பேராதனை. மனநலக் கிளினிக் எந்த நாளில் என்று வெளிநோயாளர் பிரிவில் கேட்டால் சொல்வார்கள். சிபாரிசு எதுவும் வேண்டியதில்லை. அரச வைத்தியசாலைகள் பலவற்றில் 'நட்பு நிலையம்' என்ற பெயரில் ஓர் அறை இருக்கும். சிங்களத்தில் 'மிதுரு பியச'. வீட்டில் அடிவாங்கும் பெண்ணுக்கான இடம் அது. அங்கே போவதற்குப் பொலிசில் முறைப்பாடு செய்திருக்க வேண்டும் என்பதில்லை. பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர், பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் என்ற பதவிகள் உண்டு. பிரசவத்துக்குப் பின் வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம், தோட்டத்தில் 'மிட்வைஃப் மிஸ்' என்று அழைக்கப்படுபவரிடம், உடம்பைப் பற்றி மட்டும்தான் பேசலாம் என்று பல தாய்மார் நினைக்கிறார்கள். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வும் அவருக்குரிய விடயமே. எடின்பரோ வினாநிரல் என்று 1987 முதல் உலகெங்கும் பயன்படும் பத்துக் கேள்விகளில் கடைசிக் கேள்வி, தன்னைத் தானே வருத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பதுதான்.

பட்டியல் இத்தோடு முடிகிறது. ஒரு மாவட்டத்துக்கு இது குறைவுதான். ஆனாலும் வெறுமை இல்லை. இனி, பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், மேல் டிவிசனில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் இடத்திலிருந்து இதைப் பார்ப்போம்.

கிளினிக் வார நாளில், காலையில். அன்று பிரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்புக்கு, போகாவிட்டால் அவளுக்குப் பேர், அதாவது அன்றைய கூலி, இல்லை. 2021இல் 1000 ரூபாயாகவும், 2024இல் 1350 ரூபாயாகவும் உயர்ந்த நாட்சம்பளம் அது. அதுவும் நிர்ணயித்த கிலோவைப் பறித்தால்தான் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். கிளினிக்குக்குப் போனால் அந்தப் பேரும் போய், பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் காசும் போகும். கூட ஒருவர் வந்தால் அவருடைய பேரும் போகும். மாதம் ஒரு முறை என்றால் தாங்கலாம். மனநோய்க்கு மருந்து மாதக் கணக்கில், சிலருக்கு ஆண்டுக் கணக்கில் தேவை. முதல் இரண்டு மாதம் போய், கொஞ்சம் தேறியவுடன் நிறுத்திவிடுவது இங்கே சோம்பலால் நடப்பதில்லை.

மருந்தின் இன்னொரு சிக்கலை வைத்தியரிடம் யாரும் சொல்வதில்லை, வைத்தியரும் கேட்பதில்லை. இரவில் போடும் சில மாத்திரைகளின் மயக்கம் காலைவரை நிற்கும். அந்த மயக்கத்தோடு ஆறு மணிக்கு எழுந்து, பனியில் வழுக்கும் சரிவில், முதுகில் கூடையோடு நிற்க வேண்டும். கிலோ குறையும், கங்காணி ஏசுவார், விழுந்தால் கால் போகும். மாத்திரையை அவள் நிறுத்திவிடுகிறாள். "மருந்து எடுக்கல, சொல் கேக்கல" என்று கிளினிக் அட்டையில் அவள் பெயருக்கு நேரே பதியப்படுகிறது. வேலை என்னவென்று கேட்டு, அளவையோ வேளையையோ மாற்றிக் கொடுத்திருந்தால் தீர்ந்திருக்கக்கூடிய சிக்கல்.

கேட்பதற்கு மொழி வேண்டும். நுவரெலியா மாவட்டத்து மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் தமிழர். காய்ச்சலையும் கைமுறிவையும் சைகையாலும் அரைகுறைச் சிங்களத்தாலும் சொல்லிவிடலாம். மனவேதனையை அப்படிச் சொல்ல முடியாது. "நெஞ்சுல பாரமா இருக்கு", "தல காந்துது", "ஒடம்பெல்லாம் அசதி", "எதுலயும் மனசு ஒட்டல" என்று அவள் சொல்வதைத் தாதி ஒருவர் அவசரமாக மொழிபெயர்க்கும்போது, அது நெஞ்சு வலியாகவும் தலைவலியாகவும் வைத்தியரின் காதில் விழுகிறது. பனடோல் கிடைக்கிறது. கூடவந்த கணவனோ பத்து வயது மகனோ மொழிபெயர்ப்பாளராக நின்றால் நிலைமை இன்னும் மோசம். அடிக்கிற கையைப் பற்றி அந்தக் கைக்குரியவன் வாயால் எப்படிச் சொல்வது? தமிழ் 1987 முதல் அரசியலமைப்பில் அரசகரும மொழி. அந்த உரிமை மிக அதிகமாகத் தேவைப்படும் அறை, மனநலக் கிளினிக்கின் அறைதான் என்பேன்.

தொலைபேசி இந்தத் தூரத்தையெல்லாம் தாண்டிவிடும் என்று கொழும்பில் இருப்பவர்கள் நம்புவது எனக்குப் புரிகிறது. ஆனால் லயக் காம்பராவில் தனியறை ஏது? நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் பேசினால் இந்தப் பக்கம் கேட்கும். வீட்டுக்கு ஒரு போன், அதுவும் பெரும்பாலும் ஆணின் கையில். வாசல் இஸ்தோப்பில் நின்று பேசினால் வரிசை முழுக்கச் செவி. தனியே பேச வேண்டுமானால் சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு, இருட்டில், போக வேண்டும். அப்படிப் போகும் பெண்ணைப் பற்றி மறுநாள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் என்ன பேசுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். கடிதத்துக்கும் இதே கதை. லயத்து வீடுகள் பலவற்றுக்குத் தனி முகவரி கிடையாது. தபால் தோட்டக் கந்தோருக்கு வந்து, பல கை மாறித்தான் வந்து சேரும். மனநலக் கிளினிக்கின் கடிதத்தை யார் அப்படி வரவழைத்துக்கொள்வார்கள்?

எனவே அவள் முதலில் போவது வேறிடம். கோடாங்கியிடம் குறி கேட்கிறார்கள், மாரியம்மன் கோயிலில் நேர்ந்து கட்டுகிறார்கள், முனியாண்டிக்குச் சேவல் விடுகிறார்கள். அண்மைக் காலங்களில் ஜெபக் கூட்டங்களுக்கும் போகிறார்கள். இதை மூடத்தனம் என்று ஒதுக்கும் கூட்டத்தில் நான் சேரமாட்டேன். கோடாங்கி தமிழில் பேசுகிறார், மாலையில் வருகிறார், குடும்பத்தோடு உட்கார்ந்து கதை முழுவதையும் கேட்கிறார், "உன் குற்றம் இல்ல" என்று சொல்கிறார். கிளினிக் தராதவை அத்தனையும் இவை. யாழ்ப்பாணத்தில் உளநலப் பணி செய்தவர்கள் கோயிலையும் சடங்கையும் எதிர்க்காமல் கூட்டாளியாக்கியதற்கு இதுவே காரணம். எதிர்க்க வேண்டியவை வேறு: கட்டிப் போடுவது, அடித்து விரட்டுவது, ஆறு மாதம் வீணாக்குவது, கடன் வாங்கிப் பெரிய பூசை வைக்கச் சொல்வது. ஒருவருக்கு இல்லாத குரல் கேட்கிறது, நாள்கணக்கில் தூக்கமில்லை, சாப்பிடவில்லை என்றால் திருநீறு பூசிய கையோடு டிக்கோயாவுக்கும் அனுப்ப வேண்டும் என்று கோயில் பூசாரிக்கும் கோடாங்கிக்கும் சொல்லிக்கொடுக்க முடியும். சொன்னால் கேட்பார்கள். யாரும் போய்ச் சொன்னதாகத்தான் தெரியவில்லை.

குடியைத் தனியாகப் பேச வேண்டும். ஆண்களின் மனநோய் தோட்டத்தில் பெரும்பாலும் போத்தலுக்குள் ஒளிந்திருக்கிறது. தோட்டத்தில் வேலை சுருங்கி, கொழுந்து பறிக்கும் பெண்ணின் பேரே வீட்டின் முதல் வருமானமாக ஆனபின், ஆணின் இடம் ஆட்டம் கண்டது. தவறணையும் கசிப்பு என்ற கள்ளச்சாராயமும் அந்த இடைவெளியை நிரப்பின. இதைப் பழக்கவழக்கக் கேடு என்று மேடையில் கண்டித்துவிட்டுப் போவது எளிது. தொழிற்சங்கக் கூட்டங்களில் அடிக்கடி நடப்பதும் அதுதான். கோவாவில் 'சங்காத்' அமைப்பு வேறு வழியைச் சோதித்தது. வைத்தியரல்லாத, உள்ளூர்வாசிகளான ஆலோசகர்களுக்குப் பயிற்சி கொடுத்து, அதிகம் குடிக்கும் ஆண்களோடு நான்கு அமர்வுகள் வரை பேசவைத்தார்கள். 2017இல் 'லான்செட்' இதழில் வந்த முடிவின்படி, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 100க்கு 26 பேர் ஆபத்தான குடியிலிருந்து மீண்டார்கள். பேச்சும் கிடைத்தவர்களில் 36 பேர். மாயம் எதுவும் இல்லை. ஆனால் 100 வீடுகளில் இன்னும் பத்து வீடுகளில் இரவு அமைதியாகும் என்றால், அது எந்தப் பிரசங்கமும் இதுவரை தராத பலன்.

வைத்தியர் பஞ்சத்தை உலகின் ஏழை நாடுகள் பலவும் இந்த வழியில்தான் எதிர்கொண்டிருக்கின்றன. சிம்பாப்வேயில் மனநல வைத்தியர் டிக்சன் சிபாண்டா 2006இல் ஹராரேயின் ம்பாரே பகுதியில் பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்துச் சுகாதார நிலையத்து முற்றத்து மரப்பெஞ்சில் உட்காரவைத்தார். வந்தவர்களின் சிக்கல்களைக் கேட்டு, அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து, அதற்கு அடுத்த வாரத்துக்குள் என்ன செய்யலாம் என்று கூடவே யோசிப்பது அவர்கள் வேலை. 2016இல் வெளியான ஆய்வில், ஆறு மாதத்தின் பின் மனச்சோர்வு அறிகுறிகள் நீடித்தது பெஞ்சுக்கு வந்தவர்களில் 100க்கு 14 பேரிடம். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 50 பேரிடம். தமிழ்நாட்டில் சென்னையின் 'ஸ்கார்ஃப்' நிறுவனம் புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களுக்குப் பஸ்ஸையே கிளினிக்காக்கி அனுப்பியது. வைத்தியர் சென்னையிலிருந்து திரையில் பேச, மருந்து பஸ்ஸிலேயே கிடைத்தது. நோயாளி ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியிருக்கவில்லை.

மலையகத்தில் அந்தப் பெஞ்சுக்குரிய ஆள் யார்? என் கண்ணுக்குப் பிள்ளைக் காம்பராதான் தெரிகிறது. ஒவ்வொரு தாயும் காலையில் குழந்தையை விட்டு, மாலையில் கூட்டிப்போகும் இடம். அங்கே பொறுப்பாக இருக்கும் சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர் படித்த தமிழ்ப் பெண். எந்தத் தாயின் கையில் காயம், எந்தக் குழந்தை சாப்பிடாமல் வந்தது, யார் இரண்டு நாளாகப் பேர் போடவில்லை என்பது அவருக்கு யாரும் சொல்லாமலே தெரியும். "அக்கா, மொகமே சரியில்லியே, என்ன?" என்று அவர் கேட்டால் அது விசாரணையாகத் தோன்றாது. பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் 1990களிலிருந்து தோட்டங்களின் வீட்டு, சுகாதார, சிறுவர் நலத் திட்டங்களைப் பார்த்துவருகிறது. அதன் கையிலேயே இந்த வலைப்பின்னல் இருக்கிறது.

ஆனால் இரண்டு நிபந்தனைகள். முதலாவது, இது மேலதிக வேலை. மேலதிகச் சம்பளம் வேண்டும். பெண்களின் இரக்கத்தை இலவச மூலதனமாக எண்ணித் தொடங்கிய எத்தனையோ திட்டங்கள் நிதி முடிந்த அடுத்த மாதமே காணாமற் போயிருக்கின்றன. இரண்டாவது, இரகசியம். அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தது துரைக்கும், கணக்கப்பிள்ளைக்கும், சங்கத் தலைவருக்கும் போகாது என்ற உறுதி எழுத்தில் வேண்டும். மனநலச் செய்தி வேலைப் பதிவேட்டில் ஏறுமென்ற அச்சம் ஒரு முறை பரவினால் பிறகு யாரும் வாய் திறக்கமாட்டார்கள். இந்த அச்சத்துக்கு இடமிருக்கும் தோட்டங்களில், அடுத்த தோட்டத்துப் பெண் வந்து கேட்பதே நல்லது.

நெருக்கடி இரவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒருவர் "நான் போய்ச் சேர்ந்துட்டா எல்லாருக்கும் நிம்மதி" என்கிறார். பிள்ளைகளை யாரிடமோ பார்த்துக்கொள்ளச் சொல்கிறார். ஆசையாக வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்துவிடுகிறார். இவற்றை "சும்மா மெரட்டுறான்" என்று தள்ளக்கூடாது. நேராகக் கேட்க வேண்டும்: "தங்கச்சி, செத்துரலாம்னு தோணுதா?" கேட்டால் இல்லாத எண்ணம் முளைத்துவிடும் என்ற பயம் தவறு, ஆய்வுகள் அதைத் திரும்பத் திரும்ப மறுத்திருக்கின்றன. கேட்டவுடன் பலருக்கு அழுகை வரும், அழுகையோடு பாதி இறுக்கம் இறங்கும். தனியே விடக்கூடாது. ஆபத்தான எதையும் அந்த வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டும். குடித்திருந்தால் இன்னும் கவனம். புத்தி சொல்வது, சாமியையும் பிள்ளையையும் சொல்லிக் குற்றப்படுத்துவது, அடிப்பது எதுவும் உதவாது. கூட உட்கார்ந்து 1926ஐ அழைத்து, போனை அவர் கையில் கொடுக்கலாம். ஏதேனும் விழுங்கியிருந்தால், எவ்வளவு சிறிதானாலும், 1990ஐ அழைக்க வேண்டும்; அம்புலன்ஸ் ஏறமுடியாத பாதை என்றால் தோட்டத்து லொறியிலோ ஆட்டோவிலோ உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். வீட்டு வைத்தியம் வேண்டாம், விடியட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம்.

பலர் காத்திருப்பது பொலிஸ் பயத்தால். தற்கொலை முயற்சி இலங்கையில் குற்றமல்ல. தண்டனைச் சட்டக்கோவையின் அந்தப் பிரிவு 1998இலேயே நீக்கப்பட்டுவிட்டது. கால் நூற்றாண்டு கடந்தும் லயங்களில் "கேஸ் ஆயிரும்" என்று சொல்லி மறைக்கிறார்கள். எல்லாத் தோட்டத்து டிஸ்பென்சரிச் சுவரிலும் ஒட்ட வேண்டிய செய்தி ஏதேனும் உண்டென்றால், இலக்கங்களுக்கும் முன்னால், இதுதான்.

பிழைத்து வார்டிலிருந்து வீடு திரும்பும் நாளைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அபாயம் கூடிய காலம் அப்போதுதான் தொடங்குகிறது. உலக சுகாதார நிறுவனம் ஐந்து நகரங்களில் நடத்திய ஓர் ஆய்வு 2008இல் வெளியானது; அவற்றில் சென்னையும் கொழும்பும் இரண்டு. வார்டை விட்டுப் போகும் முன் ஒரு மணி நேரப் பேச்சு, பிறகு பதினெட்டு மாதங்களில் ஒன்பது முறை விசாரிப்பு, செய்தது அவ்வளவுதான். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 100க்கு 2.2 பேர் பின்னர் தற்கொலையால் இறந்தார்கள், விசாரிக்கப்பட்டவர்களில் 0.2. புதிய மருந்து, புதிய கட்டடம், வெளிநாட்டு நிபுணர் என்று எதுவும் தேவைப்படாத வித்தியாசம் இது. டிக்கோயாவிலிருந்து வீடு திரும்பும் ஒருவரை ஒன்பது முறை தேடிப்போய் விசாரிக்க ஒரு தமிழ் பேசும் தாதியும், மலைக்கு ஏறும் ஒரு மோட்டார் சைக்கிளும் போதும்.

இதைத் தள்ளிப்போட முடியாத காலம் இது. 2022இன் பொருளாதார நெருக்கடியில் உணவுக்கே தவித்த வீடுகளில் தோட்டத்துறை வீடுகள் முன்வரிசையில் இருந்தன. அடகுக் கடையும் நுண்கடனும் அந்த வீடுகளை இன்னும் விட்டபாடில்லை. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதைக் கண்ட தலைமுறை, 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயலின்போது மலை மீண்டும் சரிந்ததைக் கண்டது. நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மழை கனத்தால் இரவில் தூங்காமல் விழித்திருக்கும் பிள்ளைகள் அந்த லயங்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு அரிசியும் தகரமும் போய்ச் சேர்ந்தன. பேசுவதற்கு ஆள் போய்ச் சேர்ந்தாரா என்பதை எந்த நிவாரணப் படிவமும் கேட்பதில்லை. கேட்கும்படி படிவத்தை மாற்றுவது பிரதேச செயலகத்தால் முடிந்த காரியம்.

மற்றொன்று தொழிற்சங்கங்களால் முடிந்தது. சம்பளப் பேச்சுவார்த்தையில் கிலோவும் ரூபாவும் மேசைக்கு வருகின்றன. மகப்பேற்றுக்குச் சம்பளத்தோடு விடுமுறை என்ற உரிமை ஒருகாலத்தில் கோரிக்கையாகத்தான் தொடங்கியது. கிளினிக் அட்டையைக் காட்டினால் அன்றைக்கு முழுப்பேர், எந்த நோயின் கிளினிக் என்று கேட்கக்கூடாது என்ற ஒரு வரியை அடுத்த பேச்சுவார்த்தையில் வைக்கலாம். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் போகிறவர்களும் அதே வரியால் பயன்பெறுவார்கள். மனநலக் கிளினிக்குக்குப் போகிறவர் அவர்களோடு அதே பஸ்ஸில் ஏறிப் போய் வரலாம்.